பழைய அம்பாசிடரின் மின்பாகங்களைப் புதுப்பிக்க எவ்வளவு செலவாகும்?

கேள்வி: வீட்டில் 1967 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. பல வருடமாக ஷெட்டில் நின்ற வண்டி. டைனமோ, செல்ஃப் மோட்டார், கட்-அவுட், ஒயரிங் எல்லாவற்றையும் புதுப்பிக்கக் கடையில் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார்கள். நியாயமான செலவு எவ்வளவு? டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டால் பணம் மிச்சமாகுமா?

பதில்:

மொத்தத் தொகை சொல்லும் கடைக்கு இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். தொகை கூடுதலா குறைவா என்பது அடுத்த பேச்சு. எந்தப் பாகத்தில் என்ன கோளாறு என்று மீட்டர் வைத்துப் பார்க்காமலே சொன்ன தொகை அது. பார்க்காமல் சொல்பவர் எல்லாவற்றிலும் ஆக மோசமான நிலையைக் கணக்கில் வைத்துத்தான் சொல்வார், அல்லது குறைவாகச் சொல்லிவிட்டு வேலையைக் குறைப்பார். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இந்த வண்டியின் மின்பாகங்கள் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வகையைச் சேர்ந்தவை. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் அதே வடிவமைப்புகளை இங்கேயே தயாரித்தது. அதனால் இவற்றில் அநேகமாக எல்லாமே பிரித்துச் சரிசெய்யக்கூடிய பாகங்கள். கார்பன், புஷ், பேரிங் மாதிரித் தேயும் பொருட்கள் மலிவு. செலவு ஏறுவது மூன்றே இடங்களில்: வைண்டிங், ஒயரிங், கோளாறு எங்கே என்று தேடும் நேரம். முதலிரண்டும் தேவையா இல்லையா என்பதைச் சோதனை சொல்லிவிடும். மூன்றாவதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

ரூபாயில் சொன்னால் ஊருக்கு ஊர் மாறும், அடுத்த வருடம் பொருந்தாது. ஆகவே ஆள் நாள் கணக்கில் சொல்கிறேன். உங்கள் ஊரில் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனின் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில், எதையும் கழற்றும் முன் வண்டியில் வைத்தே செய்ய வேண்டிய சோதனைகள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும், நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரியும் போதும்.

டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு முனைகள் இருக்கும். பெரியது டி, சிறியது எஃப். இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். பல வருடம் நின்ற வண்டியில் டைனமோவின் காந்தம் தளர்ந்து போயிருக்கும், அதனால் நல்ல டைனமோகூடச் செத்ததுபோல் காட்டும். ஆகவே முதலில், பேட்டரியில் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். இதற்குச் செலவே இல்லை. இதைச் செய்யாமல் டைனமோவை வைண்டிங்குக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

பிறகு டி, எஃப் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோ உடம்புக்கும் இடையே வோல்ட் மீட்டரை வையுங்கள். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு மெதுவாக வேகம் கூட்டுங்கள். வோல்டேஜ் தடுமாறாமல் சட்டென்று ஏற வேண்டும். 20 வோல்டைத் தொட விடாதீர்கள், நிமிடத்துக்கு 1,000 சுற்று வரை போனாலே போதும். இப்போது மீட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே ஏறவில்லை என்றால் கார்பன் பிரஷ், அது உரசும் செம்புத் துண்டு உருளையான கம்யூட்டேட்டரில் உட்காரவில்லை. அரை முதல் ஒரு வோல்ட் வரை வந்து நின்றால் உடம்போடு நிலையாக நிற்கும் ஃபீல்ட் காயிலில் சந்தேகம். 4, 5 வோல்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரின் வைண்டிங்கில் சந்தேகம். நன்றாக ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியிலோ ஒயரிலோ இருக்கிறது. பத்து நிமிட வேலை. கால் நாள் கூலியில் முடியும் வேலையா, மூன்று நாள் கூலி கேட்கும் வேலையா என்பதை இந்தப் பத்து நிமிடம் முடிவு செய்கிறது.

செல்ஃப் மோட்டாருக்கும் இப்படியே. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உடனே அதைக் கழற்ற வேண்டாம். இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, உதவிக்கு ஒருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பேட்டரியின் எர்த் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை, அதன் போல்ட், அல்லது எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை கெட்டிருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பின்னல் பட்டை இல்லாமல் எஞ்சினுக்கு எர்த் கிடையாது. அது துருப்பிடித்தால் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் போய் அவற்றைச் சூடாக்கும். அடுத்து பேட்டரியின் மற்ற முனைக்கும் செல்ஃபின் தடித்த முனைக்கும் இடையே அதே சோதனை. இங்கே இழப்பு இருந்தால் கேபிளோ, செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சோலினாய்டோதான் குற்றவாளி. இரண்டு பக்கமும் சரி, பேட்டரியும் 10 வோல்டுக்குக் கீழே இறங்கவில்லை, ஆனாலும் செல்ஃப் திணறுகிறது என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

செல்ஃப் "கிர்" என்று தனியாகச் சுற்றி, ஃப்ளைவீலில் கவ்வவில்லை என்றால் பெண்டிக்ஸில், அதாவது கவ்வும் பல்சக்கரத் தொகுதியில், அழுக்கு. மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினால் போதும். அதில் ஆயிலோ கிரீஸோ போடக்கூடாது. போட்டால் கிளட்ச் தூசி ஒட்டி மறுபடியும் இறுகும். கவ்வியபடியே மாட்டிக்கொண்டால் மோட்டாரின் பின் முனையில் மூடிக்குள் ஷாஃப்ட் சதுரமாக இருக்கும். ஸ்பானர் வைத்துத் திருப்பினால் விடுபடும்.

இனி டைனமோவை எடுத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் சி39 அல்லது சி40 வகை, உடம்பில் பொறித்திருக்கும். முதலாவது 19 ஆம்ப், இரண்டாவது 22 ஆம்ப். வைண்டிங் கெடாத டைனமோவை முழுமையாகப் புதுப்பிக்க ஒரு ஆள் நாள் போதும், லேத் வேலையும் சேர்த்து. இரண்டு கார்பன், பின்பக்க புஷ், புல்லிப் பக்க பேரிங் மூன்றும் சேர்த்தே நாள் கூலியைவிடக் குறைவாக வரும். பேரிங்கைப் பழையதன் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

வேலையின் தரம் தெரிவது கம்யூட்டேட்டரில்தான். அந்தச் செம்புத் துண்டுகள் தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். லேத்தில் வைத்து மிக மெல்லியதாக, பள்ளம் மறையும் அளவுக்கு மட்டும் சீவ வேண்டும். சீவியபின் செம்புத் துண்டுகளுக்கு நடுவில் உள்ள மைக்கா அவற்றோடு ஒரே மட்டமாகிவிடும். மைக்கா செம்பைவிடக் கடினம், மெதுவாகத் தேயும். அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் மைக்கா மேலே துருத்தி, கார்பனைத் தூக்கிவிடும். பொறி பறக்கும், கம்யூட்டேட்டர் கருகும். ஆகவே ஒவ்வொரு இடுக்கிலும் மைக்காவைச் சுமார் 0.8 மி.மீ. ஆழத்துக்குக் கீறி எடுக்க வேண்டும். ஹேக்ஸா பிளேடு துண்டின் பக்கவாட்டுப் பற்களைக் கிரைண்டரில் தேய்த்து, மைக்காவின் கனத்துக்குச் சரியாக மெலிதாக்கி, இடுக்கில் வைத்து இழுப்பார்கள். கீறல் சதுர மூலையோடு இருக்க வேண்டும். ஓரத்தில் மைக்கா இழை ஒட்டிக்கொண்டு நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள். கடைசியில் மெல்லிய உப்புத்தாள் பிடித்து, செம்புத் தூளை பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனை அறுக்கும்.

செல்ஃப் மோட்டாரின் கம்யூட்டேட்டரில் இதற்கு நேர் எதிர்: அங்கே மைக்காவைக் கீறக் கூடாது. சீவி, மெருகேற்றி அப்படியே விட வேண்டும். லூகாஸ் கையேடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன, ஆனாலும் இரண்டையும் ஒரே மாதிரி கீறித் தரும் கடைகள் உண்டு. நீங்கள் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பின்பக்க புஷ் எண்ணெய் உறிஞ்சும் வெண்கல புஷ். அடித்து ஏற்றும் முன் 24 மணி நேரம் மெல்லிய எஞ்சின் ஆயிலில் ஊற வேண்டும். அவசரமானால் ஆயிலை 100 டிகிரியில் வைத்து இரண்டு மணி நேரம். உலர்ந்த புஷ்ஷை மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஷாஃப்ட்டைத் தின்றுவிடும், பிறகு ஆர்மேச்சர் இறங்கி உள்ளே உரசும். புஷ்ஷை ரீமர் போட்டுத் துளைப்பதும் தவறு, எண்ணெய் கசியும் நுண்துளைகள் அடைபடும். ஒரு நாள் ஊற வேண்டும் என்பதால்தான் காலையில் கொடுத்து மாலையில் வாங்கும் டைனமோ வேலையை நம்பக்கூடாது என்கிறேன்.

ஆர்மேச்சர் வைண்டிங் தேவைப்பட்டால் இன்னும் இரண்டு ஆள் நாளும் கம்பி விலையும் சேரும். வைண்டிங் கடைக்காரர் பழைய கம்பியை வெட்டும் முன் சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ், எந்தக் காடியிலிருந்து எந்தச் செம்புத் துண்டுக்கு முனை போகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுற்றியபின் வார்னிஷில் முக்கி, அடுப்பில் வேகவைக்க வேண்டும். வெறுமனே மேலே பூசிக் காயவைத்தது சூட்டில் தளர்ந்து, சுழலும் வேகத்தில் வெளியே வீங்கும். வேலை முடிந்ததும் பழைய கம்பியைத் திரும்பக் கேளுங்கள். கம்பி கனத்தைக் குறைத்துச் சுற்றினார்களா என்பது எடை போட்டால் தெரியும். ஃபீல்ட் காயிலுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஓம் மீட்டரில் எஃப் முனைக்கும் உடம்புக்கும் சுமார் 6 ஓம் வர வேண்டும். கூடுதலாகக் காட்டினால் இணைப்பு விட்டிருக்கிறது, மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட்.

டைனமோவைப் பிரித்ததும் உருளையின் உள்சுவரைப் பாருங்கள். கம்யூட்டேட்டர் இருந்த இடத்துக்கு நேரே வட்டமாக ஈயத் துளிகள் தெறித்து ஒட்டியிருந்தால், ஆர்மேச்சர் தானாகச் சாகவில்லை. தாங்க முடியாத கரண்ட் இழுக்கப்பட்டு, சூட்டில் ஈயம் உருகி வெளியே பறந்திருக்கிறது. காரணம் கட்-அவுட் அதிக வோல்டேஜுக்கு வைக்கப்பட்டது, செத்த பேட்டரி, அல்லது யாரோ மாட்டிய பெரிய வாட் பல்புகள். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு ஆர்மேச்சரை மட்டும் சுற்றி மாட்டினால் இரண்டாவது முறையும் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கட்-அவுட் என்று நம் ஊரில் சொல்வது உண்மையில் ஒரே பெட்டிக்குள் இரண்டு கருவிகள்: வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்று, பேட்டரிக் கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் கட்-அவுட் ரிலே ஒன்று. இந்தக் காலத்து லூகாஸ் வண்டிகளில் ஆர்பி106 பரவலாக வந்தது. இதைப் புதுப்பிப்பது அரை ஆள் நாள் வேலை, உதிரிபாகச் செலவு ஏறத்தாழ இல்லை. பாயிண்ட்களைச் சுத்தம் செய்து, பிரித்த முனைகளை இறுக்கி, மூன்று அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். பெட்டியின் ஏ, ஏ1 முனைகளில் உள்ள ஒயர்களைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்துவிட்டு, டி முனைக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்தால், 20 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 16 வோல்டில் நிலைக்க வேண்டும். கட்-அவுட் மூடுவது 12.7-க்கும் 13.3-க்கும் இடையே. திறப்பது 8.5-க்கும் 11-க்கும் இடையே. 16 என்றதும் பயப்பட வேண்டாம், பேட்டரி இணைக்காதபோது வரும் அளவு அது. பேட்டரி சேர்ந்ததும் இறங்கிவிடும். இந்த வேலையை அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், நேரமானால் காயில் சூடாகி அளவு தப்பும். சூடான நிலையில் திருகாணியைத் திருப்பிவிட்டு, மறுநாள் காலை சார்ஜ் சரியில்லை என்று சொல்வது இதனால்தான். சந்தையில் கிடைக்கும் புதிய நகல்களில் பாயிண்ட் உலோகம் தரமில்லாதது நிறைய. பழைய அசல் பெட்டி உங்களிடம் இருந்தால் அதையே சரிசெய்து வையுங்கள்.

செல்ஃப் மோட்டாரை முழுவதும் புதுப்பிக்க ஒரு ஆள் நாள். நான்கு கார்பன், இரண்டு புஷ். ஆர்மேச்சரின் மேல் பளபளவென்று உரசிய தடம் இருந்தால் புஷ் தேய்ந்து காந்தத் துண்டில் இடித்திருக்கிறது. இதில் வைண்டிங் கம்பி தடித்த செம்புப் பட்டை, எளிதில் எரியாது. இன்சுலேஷன் மட்டும் போயிருந்தால் பட்டையை அப்படியே வைத்துக் காகிதம் மாற்றி, வார்னிஷ் போடலாம், முழு வைண்டிங் தேவையில்லை. கார்பன் நான்கில் இரண்டு ஃபீல்ட் காயிலோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. பின்னால் வந்த சில மோட்டார்களில் அந்தக் காயில் அலுமினியப் பட்டை. அதில் ஈயம் ஒட்டாது. பழைய கார்பனின் செம்புப் பின்னலை ஒரு சிறு வால் விட்டு வெட்டி, அந்த வாலில்தான் புதியதைப் பற்றவைக்க வேண்டும். அடியோடு பிடுங்கிவிட்டால் ஒரு கார்பன் மாற்றும் வேலை புதிய காயில் வாங்கும் வேலையாகிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், கேப் மாற்றுவது இரண்டு மணி நேரம். ஷாஃப்ட் புஷ் ஆட்டம் கண்டிருந்தால் ஒரு நாள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஷாஃப்ட் ஆடினால் அந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், என்ன வைத்தாலும் ஐட்லிங் நிற்காது. கண்டென்சரை வாங்கும்போதே மீட்டரில் அளந்து வாங்குங்கள், 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் வர வேண்டும். உள்ளே பேஸ் பிளேட்டை எர்த் செய்யும் நூல் சுற்றிய சிறு ஒயர் ஒன்று உண்டு. அது அறுந்துகொண்டிருப்பதுதான் "சூடானதும் நின்றுவிடுகிறது" என்ற புகாரின் காரணமாகப் பல வண்டிகளில் இருக்கும். இக்னிஷன் காயிலின் பிரைமரி 3 ஓமுக்குச் சற்றுமேல் காட்டினால் அதைத் தொட வேண்டாம். வைப்பர் மோட்டார் பெரும்பாலும் எரிந்திருக்காது, கியர்பாக்ஸின் கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். கழுவி, புது கிரீஸ் போடுங்கள். ஹார்னுக்குப் பாயிண்ட் சுத்தமும் திருகாணி சரிசெய்தலும். இரண்டும் சேர்த்து ஒரு நாள்.

இப்போது பெரிய செலவு: ஒயரிங். இந்தப் பட்டியலில் மற்ற எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள். பழைய வண்டி தீப்பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கட்-அவுட் பக்கத்தில் ஒரு ஒயரை லேசாக மடக்கிப் பாருங்கள். உறை விரிசல் விட்டால் முழு செட்டையும் மாற்ற வேண்டும். நன்றாக வளைந்தாலும் டேஷ்போர்டு பின்னால் இன்னொரு முறை பாருங்கள், எலி கடித்த இடம் அங்கே இருக்கும்.

மூன்று வழி உண்டு. தயார் நிலையில் கிடைக்கும் பி.வி.சி. ஒயரிங் செட் வாங்கி மாட்டுவது மூன்று ஆள் நாள். பழைய செட்டை மாதிரியாக வைத்துக் கையால் புதிதாகக் கட்டுவது, கட்டுவதற்கு மட்டும் நான்கைந்து நாள், மாட்ட மூன்று நாள். மூன்றாவது, அசல்போலப் பருத்தி நூல் பின்னிய செட். அது நிதானமான, விலையுயர்ந்த வேலை, போட்டிக்கு வைக்கும் வண்டிக்குத்தான் அவசியம். ஓட்டும் வண்டிக்கு என் தேர்வு இரண்டாவது. ஏனென்றால் தயார் செட்டில் ஒயர் கனம் குறைவாக இருப்பது வழக்கம். கட்-அவுட் பெட்டியிலிருந்து பேட்டரி வரை ஓடும் பழுப்பு ஒயர் 44 இழை, ஒவ்வொரு இழையும் 0.30 மி.மீ., அதாவது 3 சதுர மி.மீ. ஹெட்லைட் நீல ஒயர்கள் 28 இழை, 2 சதுர மி.மீ. சிறு விளக்குகளுக்கு 14 இழை, 1 சதுர மி.மீ. கடையில் ஒரு முனையை உரித்து இழைகளை எண்ணிப் பார்க்கச் சங்கடப்படாதீர்கள்.

நிறங்களை மாற்றவும் விடாதீர்கள். லூகாஸ் முறையில் பழுப்பு பேட்டரி, பழுப்பு-மஞ்சள் டைனமோ டி, பழுப்பு-பச்சை எஃப், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸுக்குப் பின்னால் வரும் இக்னிஷன் சாதனங்கள், ஊதா ஃபியூஸ் வழி நேரடி, சிவப்பு பார்க் லைட், நீலம் ஹெட்லைட், கருப்பு எர்த். கையில் கிடைத்த நிறத்தையெல்லாம் போட்டுக் கட்டிய செட்டில் பின்னால் ஒரு கோளாறு தேட ஒரு நாள் கூலி போகும். பழைய செட்டை எடுக்கும்போது ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சீட்டு கட்டுங்கள். பாடிக்குள்ளே மறைவாகப் போகும் ஒயரை உருவும்போது அதன் வாலில் நைலான் கயிறு கட்டி இழுத்தால், புதியதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடைத்துவிடும். எடுத்த செட்டைப் பிளைவுட் பலகையில் ஆணி அடித்து விரித்து, அதன் மேலேயே புதியதை ஓட்டிக் கட்டுவார்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லூகாஸின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்ப் சுமார். இன்று கடைகளில் கிடைக்கும் மற்ற கண்ணாடி ஃபியூஸ்களில் 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணைப் பார்த்து அதை வாங்கிப் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும். அந்த வகை என்றால் 15 அல்லது 20 போடுங்கள். அசல் வடிவமைப்பில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஒயரிங் திறந்திருக்கும்போதே இரண்டு ரிலேயும், ஃபியூஸோடு கூடிய ஹோல்டரும் சேர்த்துவிடுங்கள். அரை நாள் வேலை. ஐம்பது வருடப் பழைய லைட் சுவிட்ச் வழியாக இனி முழு கரண்ட் ஓடாது, அது மாற்று கிடைக்காத பொருள்.

கூட்டிப் பார்ப்போம். டைனமோ 1, செல்ஃப் 1, கட்-அவுட் அரை, டிஸ்ட்ரிபியூட்டர் 1, வைப்பரும் ஹார்னும் 1, ஒயரிங் மாட்ட 3, விளக்கு, சுவிட்ச், ரிலே ஒன்றரை, கடைசிச் சோதனை 1. மொத்தம் 10 ஆள் நாள். நாள் கூலி 1,500 ரூபாய் என்று வைத்தால் 15,000 ரூபாய். ஒயரிங்கைக் கையால் கட்டினால் இன்னும் 6,000 முதல் 7,500. ஆர்மேச்சர் ஒன்று சுற்ற வேண்டியிருந்தால் 3,000 கூலியும் கம்பியும். உதிரிபாகத்தில் பெரும்பகுதி ஒயருக்கும் முனைகளுக்கும் போகும். கார்பன், புஷ், பேரிங், பாயிண்ட் எல்லாம் சேர்ந்தாலும் அதைத் தாண்டாது. பேட்டரி தனி. உங்களிடம் சொன்ன மொத்தத் தொகையை இந்த வரிசையில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், எங்கே அதிகம் என்று உடனே தெரியும். மாற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் திரும்பத் தர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதிரிபாகங்களைச் சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பழைய டைனமோ ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், ஃபீல்ட் காயிலும் மூடியும் எப்போதாவது தேவைப்படும்.

ஆல்டர்னேட்டர் கேள்விக்கு வருகிறேன். கணக்கு இப்படி: ஹெட்லைட் 45 வாட் இரண்டு, 7.5 ஆம்ப். பின்விளக்கு, பார்க் லைட், நம்பர் பிளேட் சேர்ந்து 2. இக்னிஷன் 3 முதல் 4. வைப்பர் 3. மழை இரவில் மொத்தம் 16 ஆம்ப். 22 ஆம்ப் டைனமோ இதைத் தாங்கி, பேட்டரிக்கும் கொஞ்சம் கொடுக்கும். ஆனால் டைனமோவின் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்றைத் தாண்டிய பிறகுதான் அது சார்ஜ் செய்யத் தொடங்கும். சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது எல்லா விளக்கும் பேட்டரியிலிருந்துதான் எரிகிறது. ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு போட்டால் அதற்கு மட்டுமே 16 ஆம்புக்கு மேல். மற்றதைச் சேர்த்தால் 25, டைனமோ கருகும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பகலில் ஓட்டும் வண்டி என்றால் டைனமோ போதும், அதை வைத்துக்கொள்வதே என் ஆலோசனை. அசல் பாகம், வாழ்நாள் முழுவதும் பழுது பார்க்கக்கூடியது. தினமும் நகர நெரிசலில், இரவில், கூடுதல் ஃபேன் வைத்து ஓட்டுவீர்கள் என்றால் ஆல்டர்னேட்டர் சரி. வைண்டிங் போன டைனமோவைச் சுற்றும் செலவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய ஆல்டர்னேட்டர் கிடைத்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் மறைந்திருக்கும் செலவையும் சேருங்கள்: பிராக்கெட்டும் புல்லியும் செய்யும் லேத் வேலை, பேட்டரி வரை 6 சதுர மி.மீ. புது கேபிள், கட்-அவுட்டை நீக்கி ஒயர்களை மாற்றி இணைப்பது, ஆம்மீட்டர் இருந்தால் அது தாங்குமா என்று பார்ப்பது. ஒன்றரை முதல் இரண்டு ஆள் நாள். டைனமோவை அழுத்தித் துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள், விற்காதீர்கள்.

அதற்கும் முன்னால், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த பட்டை எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவில் இருந்தால் வண்டி பாசிட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டினால் அதன் டயோடுகள் அந்த நொடியே போகும். நெகட்டிவுக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை: பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் மாற்றி, ஆம்மீட்டர் ஒயர்களை மாற்றுங்கள். டைனமோவே தொடர்ந்தால் முன்பு சொன்னபடி எஃப் முனையில் தொட்டுக் காந்தத்தைத் திருப்புங்கள். செல்ஃப் மோட்டார் பழையபடியே அதே பக்கம் சுற்றும், அதைத் தொட வேண்டாம். காயில் ஒயரை மாற்ற மறந்தால் வண்டி ஓடும், ஆனால் பொறி பலவீனமாகி மேட்டில் இழுக்காமல் திணறும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள். எர்த் பட்டைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வைத்து இணையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட், ஒயர் எரியாமல் பல்பு தாங்கிக்கொண்டது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், பல்பு அணையும் இடத்தில் கோளாறு இருக்கிறது. எதை எடுத்தும் அணையவில்லை என்றால் ஃபியூஸ் இல்லாத பழுப்பு ஒயரில் தேடுங்கள். பல்பு எரியவே இல்லை என்றால் பட்டையை நேரடியாக மாட்டி, எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். 13.5-க்குப் பக்கத்தில் நின்றால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.